ரத்ரி கேட்ட ஓநாய் ஆட்டம்

கெண்டால்,
13ஆம் தேதி, சனிக்கிழமை இரவு

அன்புள்ள விடூரி அக்காவுக்கு,

இறைவன் அருளால் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்களோடு அறையில் இருக்கும் நர்ஸ் அக்காவுக்கும் வேண்டாம். உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறது. அதை மட்டும் காட்டுங்கள். யாரிடம் என்று பிறகு எழுதுகிறேன். என் கைபேசியை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார், அதனால்தான் கடிதம். நாளைக் காலை டானாங் கூரியரில் சேர்த்துவிடுவான். புதன்கிழமைக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும் என்கிறான்.

நீங்கள் வேலை கிடைத்து பாதாம் தீவுக்குப் போன பிறகும் நம் சனிக்கிழமை ஆட்ட மேசை நிற்கவில்லை. டானாங் வீட்டு ஜெராக்ஸ் கடை மாடியில்தான் கூடுகிறோம். ஐந்து பேர். டானாங்குக்கு இன்னும் நாடு பிடிக்கும் ஆட்டம்தான். யாராவது பகடை எடுத்தால் "இதுக்கு மூளை எதுக்கு, கை இருந்தா போதுமே" என்று எரிந்து விழுவான். இரட்டையர்களுக்குச் சீட்டை வேகமாகத் தட்டிப் பறிக்க வேண்டும், மேசை உடைந்தாலும் சரி. எனக்குப் பிடித்தது உங்களுக்குத் தெரியும், பொய் சொல்லும் ஆட்டம். ரத்ரிக்குச் சதுர அட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் ஆட்டம். யார் ஜெயித்தார்கள் என்றே கேட்கமாட்டாள். ஆற்றுக்குப் பாலம் சேர்ந்ததா என்று பார்ப்பாள். ஓநாய் ஆட்டம் என்றாலே, வாழைப்பழ பஜ்ஜி வாங்கி வருகிறேன் என்று படியிறங்கிவிடுவாள்.

போன சனிக்கிழமை ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை அவளுடையது. ஓநாய் ஆட்டம் என்றாள்.

"அட, ஆட்டுக்குட்டிக்குப் பல்லு முளைச்சிடுச்சுடா" என்றான் டானாங். நாங்கள் கைதட்டினோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. முறைக்காரர் எடுத்ததை ஏன் என்று கேட்கக்கூடாது என்பது நம் மேசையின் விதி அல்லவா.

ஒருவருக்கு மட்டும் ஓநாய்ச் சீட்டு, மற்ற நால்வரும் ஊர்க்காரர்கள். இப்போதெல்லாம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறோம். ஓநாய் பொய் சொல்ல வேண்டும், ஊர்க்காரர் உண்மை சொல்ல வேண்டும். யார் ஓநாய் என்று கை உயர்த்தி முடிவு செய்து அவரைத் தூக்கில் போடுவோம். ரத்ரி சீட்டைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கு இப்ப இருபத்தொரு வயசு. புதுப் பேரும் வச்சிருக்காங்க. இருபதாம் தேதி பாதாம்ல படகு ஏறுறேன். அந்தப் பக்கம் ஒரு வீட்ல வேலை. மூணு வருசம் கழிச்சுத்தான் வருவேன்."

இரட்டையர்கள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார்கள். பொய்யைப் பிடிப்பதில் கெட்டிக்காரி நான்தானே, அக்கா. "பொய் சொல்லத் தெரியாதவ பொய் சொன்னா இப்படித்தான் அளந்து விடுவா. இவதான் ஓநாய், தூக்குங்க" என்றேன். அவள் மற்றவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "வெனிங், நான் ஊர்க்காரிதான்டி" என்றாள். "எல்லா ஓநாயும் இதைத்தான்டி சொல்லும்" என்றேன். நான்கு கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது என் கை.

செத்தவர் ஆட்டம் முடியும்வரை வாய் திறக்கக்கூடாது. அவள் திறக்கவில்லை. அலமாரிப் பக்கம் போய் ஆட்டப் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள். முடிவில் அவள் சீட்டைத் திருப்பினால் ஊர்க்காரி. அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர்க்காரச் சீட்டை வைத்துக்கொண்டு எதற்குப் பொய், ஆட்டத்தையே கெடுத்துவிட்டாளே என்று.

திங்களும் செவ்வாயும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேசையில் பேசியதைப் படியிறங்கிய பிறகு பேசக்கூடாது என்பதால் நான் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்பேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. புதன்கிழமை அவள் வரவில்லை.

இன்றும் மேசைக்கு வரவில்லை. சொல்லாமல் வராதவருக்குப் பிடித்த ஆட்டத்தை அன்று ஆட வேண்டும் என்ற வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். அதன்படி ஊர் கட்டும் பெட்டியைத் திறந்தோம். அட்டைகளுக்கு அடியில் நான்காக மடித்து ஒரு தாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழ். அசல். திறப்போம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பதினைந்து வயது, அக்கா. என்னைவிட இரண்டு மாதம் சின்னவள்.

டானாங் அவள் வீட்டுக்கு ஓடினான். அவளுடைய அம்மா கதவைப் பாதிதான் திறந்தாராம். பெக்காலொங்கானில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பின்னாலிருந்து அவள் மாமா கர்சோனோ, "ஏன்டா தம்பி, ஏதாவது காகிதம் குடுத்துட்டுப் போனாளா?" என்று கேட்டிருக்கிறார். எதுவும் தரவில்லை என்று டானாங் சொல்லிவிட்டான். அவனுக்குப் பொய் வராது. மாமா நம்பியிருக்கமாட்டார்.

இனி எழுதப் போவதற்காகத்தான் யாருக்கும் காட்டாதீர்கள் என்றேன். அவள் அத்தை வீட்டில் இல்லை. செமாராங்கில் பெண்களை வேலைக்கு அனுப்பும் ஒரு பயிற்சி வீட்டில் இருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், புதன்கிழமை இரவு சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: "கர்சோனோ வீட்டுப் பொண்ணையும் இன்னிக்கு விட்டுட்டு வந்தேன். நல்ல பொண்ணு, வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. பதினெட்டாந்தேதி எல்லாரையும் கூட்டிட்டுப் போகணும்." அந்த வீட்டுக்கு வண்டி ஓட்டுவது அப்பாதான். யார் வீட்டுப் பெண் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த மாமாவின் பெயரை டானாங் சொன்ன பிறகுதான் உறைத்தது.

அப்பாவுக்கு அவள் வயது தெரியும், அக்கா. போன நோன்புப் பெருநாளுக்கு அவள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். "ரெண்டு பேரும் ஒரே வகுப்பா?" என்று கேட்டு அவள் தட்டில் கறி வைத்தவர் அவர்தான். அவர் கெட்டவர் என்று என்னால் எழுத முடியவில்லை. இன்று சாயங்காலம் கர்சோனோ வந்து வாசலில் அவரோடு பேசிவிட்டுப் போனார். பிறகுதான் அப்பா என் கைபேசியைக் கேட்டு வாங்கினார். "ரத்ரி உங்கிட்ட ஏதாச்சும் குடுத்தாளாம்மா?" என்றார். "அவ எனக்கு அழிரப்பர்கூடத் தரமாட்டாப்பா" என்று சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். தாள் என் சட்டைக்குள் இருந்தது. மேசையில் இதுபோல எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இன்று சொன்னதும் அறைக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

இங்கே யாரிடமும் போக முடியாது. அவள் வயதைக் கூட்டி எழுதிக் கொடுத்தவர்களே இங்கே அலுவலகங்களில் இருப்பவர்கள்தான். பாதாமில் கடவுச்சீட்டு பார்க்கும் அதிகாரிகளுக்கு இவர்களைத் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன். இருபதாம் தேதி காலையிலேயே படகுத்துறைக்குப் போங்கள். அவள் வேறு பெயரில் வருவாள். முகம் உங்களுக்குத் தெரியும். சான்றிதழைக் காட்டுங்கள். படகு கிளம்பிவிட்டால் ஒரு மணி நேரத்தில் அக்கரை, வேறு நாடு, அதன் பிறகு யாரிடம் கேட்பது? அவளைப் பார்த்தால், வெனிங் நம்புகிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

துறையில் பல வாசல்கள் உண்டாமே, நீங்கள் ஒருத்தி எதிலென்று நிற்பீர்கள்? பதினெட்டாம் தேதியே வழியில் போலீஸ் வண்டியை நிறுத்தினால் நல்லது என்கிறான் டானாங். அதற்கு வண்டி எண் வேண்டும். எனக்கு மனப்பாடம். எழுதக் கை வரவில்லை. அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனால் அம்மாவும் தம்பியும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "வெனிங், இன்னும் தூங்கலையா? கதவைத் திறம்மா" என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொல்கிறார்.

அக்கா, ரத்ரியை இறைவன் காக்கட்டும். அப்பாவையும் அவனே மன்னிக்கட்டும். சாம்பல் நிற வண்டி. எண் எச் 1486