யோசனை சொல்லக்கூடாது என்றாய்

மூன்று நாளாக வீட்டில் இணையம் இல்லை. சுவரில் மாட்டிய பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. போன் செய்தால் எண்ணை அழுத்தச் சொல்லி ஒரு குரல், காத்திருக்கச் சொல்லி ஒரு குரல், 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று இன்னொரு குரல். நான் பொறுமையாக இருக்கிறேன் என்று அதற்கு யார் சொன்னது? இருபத்தைந்து நிமிடம் கழித்து லைன் தானாகவே துண்டித்துக்கொண்டபோது போனைச் சோபாவில் விட்டெறிந்தேன். எறிந்த கையோடு உன் ஞாபகம் வந்துவிட்டது. சந்தோஷமான நேரத்தில் நீ எனக்கு ஞாபகம் வந்ததே கிடையாது. எரிச்சல் வந்தால்தான் வருகிறாய்.

நாம் பழகியதே எரிச்சலில்தானே. தொண்ணூறுகளின் கடைசி. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி அறையில் மட்டும் இணைய வசதி உண்டு. அவர் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனால் எனக்கு அரை மணி நேரம் கிடைக்கும். ஒரு தமிழ் மின்னஞ்சல் குழுவில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் திருநின்றவூரில் ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் நின்ற கதையை அதில் எழுதப்போக, 'இது இலக்கியத்துக்கான இடம், சொந்தப் புலம்பலுக்கு அல்ல' என்று குழுவை நடத்தியவர் பதில் போட்டார். அன்றைக்கே உன்னிடமிருந்து தனியாக ஒரு கடிதம் வந்தது. 'எனக்கும் போன மாசம் இதே பதில்தான் வந்துச்சு. வாங்க, நாம தனியா புலம்புவோம்.'

அப்படித்தான் 'இன்னிக்கு இன்னா ஆச்சு' குழு பிறந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தவள் நீ. உன் கணவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. நீ வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு, கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளை அடித்துக் கொடுப்பாய். இந்த ஊர்ப் பேச்சு உன் வாயில் நுழையவே இல்லை என்பதற்காகவே குழுவுக்கு அந்தப் பெயரை வைத்தாய்.

பதினோரு பேர் சேர்ந்தோம். பூந்தமல்லியில் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்த சலீம் பாய், ஆவடியில் பிறந்து மஸ்கட்டில் வேலை பார்த்த கணேசன் என்று. எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். பாய் 'malai la maatikinen' என்று எழுதியதைப் படித்துவிட்டு, அவர் மாட்டிக்கொண்டது மழையிலா, மலையிலா, மாலையிலா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம். தண்ணீர் லாரி வராதது, காஸ் சிலிண்டர் பாதிச் சமையலில் தீர்ந்தது, பஸ்ஸில் குடையைத் தொலைத்தது என்று தினம் ஆளுக்கு ஒரு தொல்லை. பெரிய கஷ்டங்கள் யாருக்கும் அனுமதி இல்லை.

இன்னொரு விதியும் போட்டாய். 'யாரும் யோசனை சொல்லக்கூடாது. ஐயோன்னு ஒரு வார்த்தை எழுதலாம், அவ்வளவுதான். யோசனை சொல்லுறதுக்கு வீட்லயே ஆளு இருக்கு.' அந்த விதிக்காகவே எனக்கு உன்னைப் பிடித்தது. என் வீட்டில் நான் வாயைத் திறந்தால் மூன்று பேர் யோசனை சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சலீம் பாய் குழுவையே வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். முதல்முறையாக உன்னைப் பார்க்கப் போகிறேன். அடையாளம் கேட்டதற்கு, 'ஆவடி பஸ் ஸ்டாண்டுல எரிச்சலா நிக்கிறவ நான்தான்' என்று எழுதியிருந்தாய். வந்து பார்த்தால் அங்கே எல்லோருமே எரிச்சலாகத்தான் நின்றார்கள். நீதான் என்னைக் கண்டுபிடித்தாய். "ஏட்டி, நீதான திருநின்றவூரு? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்றாய். கடிதங்களில் இருந்த 'நீங்க'வெல்லாம் அந்த ஒரு 'ஏட்டி'யில் காணாமல் போயிற்று.

பஸ் பருத்திப்பட்டு தாண்டி நின்றுவிட்டது. இறங்கி நடக்கும்போது உன் செருப்பு வார் அறுந்தது. "சவத்தத் தள்ளு" என்று இரண்டு செருப்பையும் வேலியோரம் வீசிவிட்டு, சுடும் தாரில் வெறுங்காலோடு நீ விறுவிறுவென்று போனாய். செருப்பு போட்ட நான் பின்னால் ஓடிவந்தேன். அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. சலீம் பாய் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா இது, ரெண்டே பேர் வந்துகீறீங்க? பதினோரு பேருக்குச் சோறாக்கி வெச்சிகினு காலைலர்ந்து ஒக்காந்துகீறேன்."

நீ என் பக்கம் திரும்பினாய். இருவரும் ஒரே குரலில் "ஐயோ" என்றோம். பாய் கோபத்தை மறந்து சிரித்த சிரிப்பில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

அந்த ஐப்பசி மழையில் உங்கள் தெருவில் கேபிள் குழி முழுகி, உன் வீட்டுப் போன் செத்துப்போனது. புகார் கொடுத்தாய். எண் கொடுத்தார்கள். மறுபடி போனாய், வேறு எண் கொடுத்தார்கள். மூன்று வாரம். அப்போது இணையமும் போன் லைன் வழியாகத்தான் என்பதால், போன் இல்லாமல் வீட்டிலிருந்து கடிதம் அனுப்ப முடியாது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு, ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கிப் போய் வந்தாய். தினமும். எங்களுக்கு 'ஐயோ' எழுதுவதற்காக.

ஒரு வெள்ளிக்கிழமை நீ எழுதினாய்: 'இன்னைக்கு ஸ்டேஷன் பாலத்துல மூணு தடவ ஒக்காந்து ஏறுனேன். மூச்சு முட்டுது. இடது தோளு வேற கடுக்கு. பின்னால வந்தவன், வீட்ல போயி ஒக்காரும்மான்னு சொல்லிட்டுப் போறான். படுபாவி.'

ஆறு பேர் ஐயோ போட்டிருந்தார்கள். நான் ஏழாவது. 'டாக்டரிடம் போய்க் காட்டு' என்று அடித்தேன். பிறகு அழித்தேன். ஏனென்றால், அதற்கு முந்தின வாரம்தான் கணேசனின் பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைக்கச் சொல்லி எழுதி உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். 'ஏட்டி, ரூலு மறந்துபோச்சா?' மறுபடி அதைக் கேட்க வேண்டாமே என்று 'ஐயோ' மட்டும் அனுப்பிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

திங்கட்கிழமை உன் கடிதம் இல்லை. செவ்வாயும் இல்லை. சரியாகியிருக்குமோ என்று போன் செய்தால் மணி அடிக்கவே இல்லை. புதன்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஆவடியில் இறங்கினேன். குவார்ட்டர்ஸில் உன் வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. உன் கணவர்தான் வெளியே வந்தார்.

"நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டர் பிரண்டா? உள்ள வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்து, நெஞ்சை அடைக்கிறது என்று அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாய். அவர் போனை எடுத்தால் உயிர் இல்லை. அடுத்த பிளாக்குக்கு ஓடி, அங்கேயும் இல்லாமல், மெயின் ரோட்டு பூத் வரை ஓடியிருக்கிறார். வண்டியோடு திரும்பி வந்தபோது நீ சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டிருந்தாய். உனக்கு முப்பத்தாறு வயது. எனக்குத் தெரிந்தே உனக்கு ஒரு காய்ச்சல் வந்தது கிடையாது.

"இன்னைக்குக் காலையிலதான் வந்து லைனச் சரி பண்ணிட்டுப் போனான்" என்றார் போனைப் பார்த்தபடி. குரலில் கோபம்கூட இல்லை. கோபமெல்லாம் எனக்குத்தான் வந்தது. அதைச் சுவரிலிருந்து பிடுங்கித் தெருவில் எறிய வேண்டும் போலக் கை பரபரத்தது.

பிறகு அவர் கேட்டார். "எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. ஒங்ககிட்ட ஏதும் சொன்னாளா? ஒடம்புக்கு முடியலன்னு, எதுவும்?"

மூன்று நாளாக யாரைக் கேட்பது என்று தெரியாமல் வைத்திருந்த கேள்வி என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் "இல்லையே" என்றேன்.

பத்துப் பேரிடம் சொல்லியிருந்தாய். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர் யோசனை சொல்லுவார் என்று பயந்தாயா? கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பாரே, அதற்காகவா? உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இதுதான். என் மேல் இருக்கிற கோபம் உனக்குத் தெரியும்.

குழுவுக்கு நான்தான் எழுதினேன். கணேசன் பக்கம் பக்கமாக எழுதினார். சலீம் பாயின் பதில் சின்னது. 'எங்க அத்தாவுக்கும் இப்டித்தாம்மா தோளு வலிச்சுது. படிக்கும்போதே பக்குனுச்சு. ரூலுன்னு வாய மூடிகினு இருந்துட்டேன்.' அதற்குப் பிறகு அந்தக் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. உன் கணவர் ஒரு வருடத்தில் வேலையை மாற்றிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். விலாசம் வாங்கி வைத்திருந்தேன். ஒரு கடிதம் போட்டு, 'உங்களிடம் பொய் சொன்னேன்' என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதினால் அவருக்கு என்ன ஆறுதல் என்று கேட்டுக் கேட்டே தள்ளிப்போட்டேன். இப்போது அந்த விலாசத்தில் அவர் இருப்பாரா என்றே தெரியாது.

ஒன்றில் மட்டும் மாறிவிட்டேன். யார் எதைச் சொன்னாலும் யோசனை சொல்லுகிற ஆளாகிவிட்டேன். என் மகள் "அம்மா, சும்மா கேட்டுக்கோயேன்" என்று கத்துகிறாள். சும்மா கேட்க எனக்கு வராது. இப்போது நான் வேலை பார்க்கும் ஆபீஸ் திருமுல்லைவாயிலில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போன மாதம் கூட வேலை செய்யும் மாலதி படியேறி வந்து, "மூச்சு வாங்குதுப்பா, வயசாயிடுச்சு போல" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, அவள் திட்டத் திட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, ஒன்றுமில்லை, வெறும் வாய்வு என்றார்கள்.

"ஆபீஸ் முழுக்க என்னை நோயாளியாக்கிட்டீங்க. ஊட்டுக்காரர் பயந்துபோய் அழுதுட்டாரு. உங்கள யாரு கேட்டா?" என்றாள்.

யாரும் கேட்கவில்லைதான். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தினமும் பத்து மணிக்குப் படியேறி வருகிறாள். என் மேஜையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பிக்கொள்ளட்டும். மூச்சு வாங்காமல் திருப்பிக்கொள்கிறாள்.