கடைவாயில் அடக்கிய பின்

ஐப்பசி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். சைக்கிள் செயின் வழியெல்லாம் கழன்றது. ஆவடி பட்டாளப் பட்டறையில் பர்மா பக்கத்திலிருந்து ரிப்பேருக்கு வந்த துப்பாக்கிகள், ஒரு மலை. (மலை இல்லை, ஒரு லாரி.)

டிரிகர் பின், அதாவது துப்பாக்கி விசையைப் பிடித்திருக்கும் சின்ன ஆணி, அதைக் கழற்றுவதில் மெட்ராஸ் ராஜதானியிலேயே எனக்கு ஈடு கிடையாது. பித்தளைக் குச்சி, லேசான தட்டு. எஃகு வைத்துத் தட்டினால் பின்னின் முனை பிதுங்கும், திரும்பிப் போகையில் ஓட்டையைத் தின்னும். ஒரு துப்பாக்கியின் பின் இன்னொன்றுக்கு ஆகாது. வந்த பக்கமாகவே உள்ளே போக வேண்டும். கலந்துவிடாமலிருக்க, கழற்றியதும் கடைவாயில் அடக்கிக்கொள்வேன். சார்ஜன்ட் துரை பார்த்து அசந்து போனான்.

பக்கத்து மேசை சவரி: "மாமே, ஒருநா முழுங்கப் போற. அப்பால ஒன்ன எந்தக் குச்சி வச்சித் தட்டறது?"

ராத்திரி சோறு போடும்போது என் பெண்சாதி கன்னியம்மா, தினமும் போல: "என் தம்பி சேதி எதுனா வந்துச்சா?" பட்டாளப் பட்டறையில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. பர்மா சண்டைக்குப் போன மணி அங்கே கர்னலுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுக்கிறானாம் என்று அளந்துவிட்டேன். சிரித்தாள். இன்னொரு கரண்டி விழுந்தது.

செவ்வாய்

நல்ல மழை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துப்பாக்கி. டிரிகர் காப்பைக் கழற்றி, பின்னைத் தட்டி வாயில் போட்டு, கட்டையின் உட்புறத்தைத் துடைத்தேன். சின்னதாக ஒரு வேல்.

நான் கீறியது. மணியின் பட்டாளக் கம்பெனி இங்கே கூடாரம் போட்டிருந்தபோது அவன் துப்பாக்கி என் கைக்கு வந்தது. பக்கத்தில் நின்றிருந்தான். "வெள்ளக்காரன் கண்ணுக்குத் தெரியாத எடம்டா மச்சான். முருகன் உள்ள ஒக்காந்துகினு கீறாரு" என்றேன்.

வாயிலிருந்த பின் உப்புக் கரித்தது. எண்ணெயில் ஊறிய இரும்பு கரிக்காது.

ஸ்டோர் குமாஸ்தாவைக் கேட்டேன். "காட்டுல பொறுக்குனதுபா. ஆள் கதைய துப்பாக்கி சொல்லுமா?"

ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் போட்டுவிட்டுத்தானே போவான். ஓடுகிறவனும் போடுவான். மணி ஓட்டத்தில் புலி. திருமுல்லைவாயில் ஏரியை ஒரே மூச்சில் சுற்றுவான். (பாதி ஏரி.)

கன்னியம்மா: "கர்னல் கொழம்பப் பத்தி இன்னா சொன்னாராம்?"

காரம் ஜாஸ்தி என்றாராம்.

புதன்

தூக்கமில்லை. துப்பாக்கி அப்படியே மேசையில், பின் என் வாயில். பட்டறையில் யாராவது வெறும் டிரிகரை இழுத்துப் பார்த்தால் 'டக்'. ஒவ்வொரு டக்குக்கும் திரும்பிப் பார்க்கிறேன். மணி இல்லை.

சார்ஜன்ட்: எல்லாம் நாளைக்குப் பெட்டியில் பட்டாளத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

எஃகு ஆணியைக் கையில் எடுத்தேன். நாலு அடி போட்டால் ஓட்டை விரியும், கழிவில் தள்ளுவார்கள், இங்கேயே கிடக்கும். வேறு எவன் தோளிலும் ஏறாது. ஆனால் யார் கண்ணிலும் படாமல் தப்பிப் போனால், எவனாவது ஒருவன் கையில் தானாக வெடிக்கும். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

ஆணியைக் கீழே வைத்தேன்.

வியாழன்

மழை விட்டது. பித்தளைக் குச்சி. வந்த பக்கமாகவே. ஒரு கீறல் இல்லை. சவரி எட்டிப் பார்த்து, "இன்னா மாமே, இன்னிக்கு பீத்திக்கவே இல்ல?" என்றான். பெட்டிக்கு மூடி அடித்தார்கள்.

வீடு. சோறு. கன்னியம்மா: "அப்பால? மணி இன்னா பண்றானாம்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"வாயில இன்னாய்யா வச்சிகினு கீற? துப்பு" என்று உள்ளங்கையை நீட்டினாள்.

வாயில் ஒன்றும் இல்லை.