ரயில் நிலையத்தில் ஆள் இருக்கு

மேப்பிள் ஃபோர்க், ஒஹாயோ
அக்டோபர் 19

நம் வீட்டு எண்ணைப் பார்த்தாலே போனை எடுக்காத அன்பு அக்கா கார்லாவுக்கு,

மனிதர்கள் நலம், கட்டடங்கள்தான் நலமில்லை. நம் ஊரில் இப்போது மழையே இல்லாமல் இடி.

நீ வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிப் பாதுகாக்க வைத்த மூன்று பழைய கட்டடங்களில், நாடக அரங்கம் கவனிப்பார் இல்லாமல் தானே விழுந்தது. பழைய வங்கியை நகரமன்றம் கொடுத்த வேலையென்று அப்பாவே இடித்தார். அந்த வாரமே நீ அலாஸ்காவுக்குக் கிளம்பினாய். மிச்சமிருந்த ரயில் நிலையத்துக்கும் போன மாதம் நகரமன்றம் பாதுகாப்பை நீக்கிவிட்டது. கார் நிறுத்த இடம் வேண்டுமாம். ஊரில் இருக்கும் காரில் பாதி ஓடவே ஓடாது, எங்கே நின்றால் என்ன? இடிக்கும் வேலை மறுபடி அப்பாவுக்குத்தான் வந்தது.

இடிப்பதற்கு முன் அப்பா அறை அறையாகப் போய்க் குரல் கொடுப்பார், உனக்கே தெரியும். அன்று காலை நான் பள்ளிக்குப் போகவில்லை. நிலையத்தின் பெண்கள் கழிப்பறையில் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்றார் அப்பா.

"ஆள் இருக்கு!" என்றேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு. "சிகாகோ வண்டிக்கு நிக்கறேன் சார்."

"இங்க வண்டி நின்னு எத்தனையோ வருஷமாச்சேம்மா."

"அதான் சார், ரொம்ப லேட்டு."

வெளியே அவருடைய ஆள் ஹாங்க், "முதலாளி, டிக்கெட் இருக்கான்னு கேளுங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "ஜூனி, உனக்கு இன்னிக்குக் கணக்குப் பரீட்சை இல்ல?" என்றார். பிறகு, "கார்லா சொல்லிக் குடுத்தாளா?"

"அவ எங்க பேசறாப்பா, சொல்லிக் குடுக்க?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. உட்கார்ந்தபடியே சொன்னார்: "நான் இடிக்கலைன்னா வேற எவனாச்சும் இடிப்பான்னுதான் வங்கியில கை வெச்சேன். அதையே இன்னும் எத்தன தடவடி சொல்லிக்கிறது?"

அன்று சாயங்காலமே வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான் அக்கா. மறுவாரம் வெளியூர்க் கம்பெனி ஒன்று வந்து ஒரே காலையில் முடித்துவிட்டது. அப்பா எதிரே லாரியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். நகரமன்றம் இனி அவருக்கு வேலை தராது. அதனால் அடுத்த மாதம் முதல் என் பள்ளிப் பேருந்தை ஓட்டப்போகிறார். கட்டடம் மட்டுமல்ல, என் மானமும் போகிறது.

இதையெல்லாம் அவர் உனக்குச் சொல்லமாட்டார். நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபுட்பால் பார்க்கும்போது சத்தத்தை ஏறக்குறைய அணைத்தே வைக்கிறார், போன் பக்கத்தில் இருக்கிறது. கேட்டால் காதுவலி என்கிறார். அந்தக் காதுக்கு மருந்து உன்னிடம்தான் இருக்கிறது. இந்த ஞாயிறு போன் அடி அக்கா.

குளிரில் உறைந்துவிடாமல் இரு.

உன் வாலுத் தங்கை,
ஜூனி