புல்லுக்கு வைத்த கல்

அனுப்புநர்
மெப்ராட் கிதேய்,
க/பெ. கிர்மாய் வெல்து,
மேல் சரிவு,
அடி மெஸ்னோ கிராமம்.

பெறுநர்
வட்ட நிர்வாக அலுவலர் அவர்கள்,
எல்லை வட்ட அலுவலகம்.

பொருள்: மேய்ச்சல் புல்லை அடைக்க வைத்த கற்களை எல்லைக் கற்கள் என்று கருதி என் கணவரைக் காவலில் வைத்திருப்பது – திங்கட்கிழமை விசாரணைக்கு முன்பாகக் கண்ணிவெடி அகற்றும் குழுவை அவ்விடத்துக்கு அனுப்பக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். இம்மனுவை நானே எழுதுகிறேன். சந்தையில் மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் முதலில் போனேன். "எல்லை" என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் பேனாவை மூடிவிட்டார். ஆகவே பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. என் கணவர் கிர்மாய் வெல்து, வயது முப்பத்தெட்டு. இந்த நெஹாஸே மாதம் 11ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவரை மலைமேல் உள்ள முகாமின் வீரர்கள் கூட்டிச் சென்றார்கள். அன்று முதல் முகாமின் தானியக் கிடங்கில் அடைத்து வைத்திருக்கிறார்கள். எதிரி நாட்டுக்கு நம் மண்ணை அளந்து கொடுத்தார் என்பது அவர்மேல் உள்ள குற்றச்சாட்டு. வரும் திங்கள், 26ஆம் நாள், விசாரணை. இந்தக் குற்றச்சாட்டுடன் அந்த முகாமுக்குப் போனவர்களில் வீடு திரும்பியவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

2. தாங்கள் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் என்பதால் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழை தொடங்கும் ஸெனே மாதம், மிக்காயேல் திருநாளன்று பூசை முடிந்ததும், மேல் சரிவின் புல் அடைக்கப்பட்டது என்று தேவாலய முற்றத்தில் அறிவிப்போம். அறிவிப்பது சரிவை ஒட்டிக் குடியிருக்கும் எங்கள் வீட்டு ஆண்பிள்ளை. சரிவைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கற்களைக் குவித்து, ஒவ்வொரு குவியலின் மேலும் ஒரு முட்கிளை வைப்போம். மழை ஓய்ந்த பின் வரும் மெஸ்கல் திருவிழாவின் தீ அணையும் வரை ஆடும் சரி, மாடும் சரி, மனிதரும் சரி, அந்தக் கல்லைத் தாண்டுவதில்லை. காவலுக்கு ஆள் கிடையாது. தாண்டியவர் ஊருக்கே ஸுவா மது ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. ஒரு வருடம் எங்கள் பாதிரியாரின் மாடே உள்ளே போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த கூட்டம் போல் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. திருவிழா முடிந்ததும் கற்களை நாங்களே காலால் தள்ளிக் கலைத்துவிடுவோம். கல் கலைந்து கிடந்தால் புல் திறந்துவிட்டது என்று பொருள். இதை எங்கள் ஊரும் அறியும், மலைக்கு அப்பால் அடுத்த நாட்டில் இருக்கும் ஊர்களும் அறியும். அவர்கள் வேறு நாட்டவர் ஆனதே எங்களுக்குப் போர் வந்த பிறகுதான் உறைத்தது.

3. இந்தக் கற்களுக்காக எங்கள் வீட்டிலிருந்து ஆள் போவது இது முதல் தடவை அல்ல. ஐந்து வருடங்களுக்கு முன், போரின் முதல் மழைக்காலத்தில், அடுத்த நாட்டுப் படை எங்கள் சரிவைப் பிடித்தது. என் மாமனார் வெல்து அந்த வருடமும் வழக்கம்போல வடக்கு வரிசையில் கல் வைத்திருந்தார். நம் பீரங்கிகளுக்கு அவர் அடையாளம் வைத்திருக்கிறார் என்று அந்தப் படை சொன்னது. "புல்லுக்கு வச்சதுய்யா, வேணும்னா தின்னு பாருங்க" என்று அவர் சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன். மலைக்கு அப்பால் கொண்டுபோனார்கள். உயிரோடு இருக்கிறாரா என்று இன்றுவரை தெரியாததால் நாங்கள் அவருக்கு நினைவுப் பூசையும் வைக்கவில்லை. அன்று அந்தப் படைக்கு அந்தக் கல் குற்றம். இன்று நம் படைக்கும் அதே கல் குற்றம். இரண்டு அரசுகளின் வரைபடங்களிலும் எங்கள் சரிவு இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அதில் ஆடு மேய்ப்பவர்கள் இருப்பது இரண்டு வரைபடங்களிலும் இல்லை போலிருக்கிறது.

4. இந்த வருடம் நடந்தது இது. ஹம்லே மாதம் 9ஆம் நாள், என் கணவரின் தங்கை ஸ்லாஸின் ஆடு ஒன்று, தெற்கு வரிசைக்கு வெளியே, ஊர்ப் பக்கமாக மேய்ந்துகொண்டிருந்தபோது வெடித்துச் சிதறியது. ஓடிப்போய்ப் பார்த்தோம். குழியின் ஓரத்தில், மழை மண்ணைக் கரைத்த இடத்தில், இன்னொரு கண்ணிவெடியின் விளிம்பு தெரிந்தது. பச்சை நிறம், சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. எந்தப் படை புதைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு படைகளும் மாறி மாறி அங்கே படுத்துக் கிடந்தவைதான்.

5. உடனே கிராமத் தலைவரிடம் சொன்னோம். அவரும் வந்து, எட்ட நின்று பார்த்தார். மழை விட்டால்தான் வெடி எடுப்பவர்களின் வண்டி மேலே ஏறும் என்றார். அதுவரை என்ன செய்வது என்று கேட்டேன். "கல்லைத் தள்ளி வச்சிடும்மா. போர்டு எழுதி வச்சா யாரு படிக்கப் போறா? கல்லுன்னா நம்ம புள்ளைங்க தாண்டாது" என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் தெற்கு வரிசைக் கற்கள் நாற்பது அடி தூரம் ஊர்ப் பக்கமாக நகர்த்தி வைக்கப்பட்டன. வெடி கிடந்த இடம் அடைப்புக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு ஒரு மாதம், ஒரு குழந்தையும் ஓர் ஆடும் அங்கே கால் வைக்கவில்லை. இன்று அதே தலைவரிடம் சாட்சி சொல்லக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லம்மா, எனக்கும் அஞ்சு புள்ளைங்க இருக்கு" என்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. சொல்வேன், ஆனால் இம்மனுவில் இல்லை.

6. எல்லை அளக்கும் குழு விரைவில் வரும் என்ற பேச்சு எழுந்ததும் முகாமின் கேப்டன் சரிவைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஊர்ப் பக்கம் நகர்ந்த புதுக் கல் வரிசை அவர் கண்ணில் பட்டது. அது, அடுத்த நாடு தனது என்று கேட்கும் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறதாம். 11ஆம் நாள் வீரர்களுடன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "யாரு வச்சது அந்தக் கல்லை?" என்று கேட்டார். "நான்தான் வச்சேன் சார்" என்றார் என் கணவர். "யாரு சொல்லி வச்சே?" என்று அதட்டியதற்கு, "செத்துப்போன ஆடு சொல்லிச்சு சார்" என்றார். ஐயா, என் கணவருக்கு வாய் கொஞ்சம் நீளம். அதற்காகத் துப்பாக்கிக் கட்டையால் தோளில் அடி வாங்கினார். பிறகு பணிவாகவே எல்லாவற்றையும் சொன்னார். "அங்க ரெண்டாவது வெடி இருக்கு சார். நீங்களே வந்து பாருங்க, நான் முன்னாடி நடக்கிறேன்" என்றார். அவரைக் கவிழ்த்தது அந்த வார்த்தைதான். "வெடி இருக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேப்டன் கேட்டார். அதன்பின் என் கணவரைப் பேச விடவில்லை. உண்மையைச் சொன்னதால் என் கணவர்மீது குற்றம் ஒன்று இரண்டானது.

7. கூட்டிச் செல்லும் வழியில் வீரர்கள் கற்குவியல்களை உதைத்துக் கலைத்துப் போட்டார்கள். இனி அங்கே ஒரு கல் நகர்ந்தாலும் சுடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கல் கலைந்து கிடப்பதால் புல் திறந்துவிட்டது என்று நினைத்து அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது, வெடி கண்ணுக்குத் தெரியாது. எனவே கடந்த பதினொரு நாட்களாக, விடிந்தது முதல் பொழுது சாயும் வரை, கல் இருந்த இடத்தில் நாங்கள் பெண்கள் முறை வைத்து நிற்கிறோம். முகாமின் துப்பாக்கிகள் மேலேயிருந்து எங்களைப் பார்த்தபடி இருக்கின்றன. தும்மினால்கூடக் கையை உயர்த்தப் பயமாக இருக்கிறது. முந்தாநாள் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு சிறுமி, "ஏன்க்கா மரம் மாதிரி நிக்கிறீங்க? புல்லு திறந்தாச்சுல்ல?" என்று ஸ்லாஸிடம் கேட்டாளாம். ஸ்லாஸ் அவளை அணைத்துப் பிடித்துத் திருப்பி அனுப்பினாள். எதிரி நாட்டுக் குழந்தையுடன் பேசியதற்காக அவளையும் விசாரிப்பார்களோ என்று இப்போது அந்தப் பயமும் சேர்ந்திருக்கிறது.

8. கேட்பது பெரிதல்ல. வெடி அகற்றும் குழுவின் கூடாரங்கள் தங்கள் அலுவலகத்துக்குப் பின்னாலேயே இருக்கின்றன. நான்கு நாளாக மழை இல்லை, வண்டி ஏறும். திங்கட்கிழமைக்கு முன் அவர்களை அனுப்பி, நான் காட்டும் இடத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த வெடி அங்கே இருந்தால் என் கணவர் சொன்னது உண்மை. ஊரில் வாய் திறக்க எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்த வெடி மட்டும்தான் யாருக்கும் பயப்படாத சாட்சி. அதை எடுத்துவந்து விசாரணை மேசையில் வைக்கச் செய்ய வேண்டும். அப்படி ஒன்று அங்கே இல்லை என்றால், எங்கள் குடும்பத்தை எந்தத் தண்டனைக்கும் உட்படுத்தலாம். முகாம் ராணுவத்தினுடையது, தங்கள் அதிகாரம் அங்கே செல்லாது என்று தங்கள் குமாஸ்தா சொன்னார். ஐயா, கிடங்கு ராணுவத்தினுடையதாக இருக்கட்டும். அதற்குள் இருக்கும் மனிதர் தங்கள் வட்டத்தின் குடிமகன்.

9. இனி எழுதப்போவதை எழுதத்தான் இத்தனையும் எழுதினேன். மேலே ஐந்தாம் பத்தியில் கற்கள் "நகர்த்தி வைக்கப்பட்டன" என்று எழுதியிருக்கிறேன். அவற்றை நகர்த்தியது என் கணவர் அல்ல. அந்த வாரம் முழுவதும் அவர் மலேரியாக் காய்ச்சலில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தார். நாற்பது அடியை அளந்ததும், ஒவ்வொரு கல்லையும் சுமந்ததும், முள் வைத்ததும் நான். கேப்டன் கேட்டபோது நான் குழந்தையுடன் வாசலில்தான் நின்றேன். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் "நான்தான்" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். பேசாதே என்று அர்த்தம். அந்தக் கிடங்கில் பெண்களுக்கு என்ன நடக்கும் என்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். நான் பேசாமல் நின்றேன். அதை நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பு வருகிறது.

10. ஆகவே, விசாரணை நடந்தே தீர வேண்டும் என்றால், குற்றவாளியின் பெயரைத் திருத்தி எழுத வேண்டுகிறேன். என்னை எடுத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். இம்மனுவைத் தங்கள் காவலாளி தங்களிடம் கொடுக்கும்போது நான் தங்கள் வாசலில்தான் இருப்பேன். ஒரு போர்வையும் மூன்று நாளைக்கு வேண்டிய ரொட்டியும் கொண்டு வந்திருக்கிறேன். உண்மை தெரிந்தும் பதினொரு நாள் ஏன் பேசாமல் இருந்தாய் என்று தாங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். என் மகளுக்குப் பதினைந்து மாதம். அவள் என்னிடம் பால் குடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பதினொரு நாளும் மார்பில் கசப்புத் தடவி அவளுக்குப் பால் மறக்கடித்தேன். நேற்று முதல் அவள் கேட்கவில்லை. பாதிரியாரின் மனைவியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டில் எதையாவது, திங்களுக்கு முன் செய்யுங்கள் ஐயா.

இடம்: எல்லை வட்ட அலுவலக வாசல்
நாள்: நெஹாஸே 22, 1995

இப்படிக்கு,
கற்களை வைத்தவள்,
மெப்ராட் கிதேய்