பென்சிலால் எழுதிய ஒன்று, இரண்டு

திருகோணமலை
9.1.1962

அன்புள்ள தம்பி றொபேட்,

ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாய் இருக்க மன்றாடுகிறோம். நத்தாருக்கு நீ அனுப்பிய கார்ட்டில் உன் பெயர் மட்டும்தான் இருந்தது. முத்திரை ஒட்டியவன் இரண்டு வரி எழுதியிருக்கலாம். அம்மா அதையும் அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறா.

ஆறு மாதமாகச் சயரோகத்துக்கு ஊசியும் குளிசையுமாகக் கிடக்கிறேன், உனக்குத் தெரியும். போன கிழமை புதிதாக எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆகஸ்டில் எடுத்த முதல் படத்தில் வலது நுரையீரலின் மேற்பக்கம் தேசிக்காய் அளவில் இருந்த நிழல் இன்னும் போகவில்லை. "மருந்துக்கு மசியுதில்லை பிள்ளை, கொழும்பில வெட்டி எடுக்கிறதுதான் நல்லது" என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். கால்வாசி நுரையீரல் போகுமாம். பெப்ரவரி 26க்கு ஒரு கட்டில் இருக்கிறது. 17ஆம் திகதிக்கு முன்னம் ஓமா இல்லையா என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அம்மாவுக்கு இதைச் சொல்ல ஏலாது. அப்பாவை வயிற்று ஒப்பரேஷனுக்கென்று கொழும்புக்கு ரயிலேற்றி, சவப்பெட்டியில்தானே இறக்கினோம். எனக்கும் பயம்தான். ஸல்ஹாவுக்கு மட்டும் சொன்னேன். மூதூர்ப் பிள்ளை, என்னோடு படித்தவள், இப்போது ஆஸ்பத்திரியில் நேர்ஸ். நினைவிருக்கும்.

நீ முன்னம் ஒரு கடிதத்தில், நட்சத்திரப் படங்களை அளக்கிற மெஷினில் மனிதருடைய நெஞ்சுப் படங்களையும் அளக்கிறோம் என்று எழுதியிருந்தாய். என்னுடையதையும் அளப்பாயா? டொக்டர் கண்ணால் பார்த்துச் சொல்கிறார். நீ எண்ணில் சொன்னால் மனம் ஒரு பக்கம் நிற்கும்.

உன் அக்கா,
மரியமலர்

---

லீட்ஸ்
18.1.1962

அன்புள்ள அக்கா,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. கார்ட்டில் எழுதாதது பிழைதான். நேரமில்லை.

நாங்கள் செய்வது இதுதான். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் கரும் முகில்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் தூசும் வாயுவும் இறுகி நட்சத்திரம் பிறக்கிறது என்பது பேராசிரியரின் கட்சி. எந்த முகில் இறுகுகிறது, எது கலைகிறது என்று வெறுங்கண்ணால் சொல்ல ஏலாது. படத் தகட்டின் மேல் ஊசிமுனையளவு வெளிச்சத்தை வரி வரியாக ஓட்டி, கருமையை எண்ணாக மாற்றுகிறோம். இதைப் பார்த்த நெஞ்சு டொக்டர் ஒருவர் தன்னுடைய நோயாளிகளின் படங்களைக் கொண்டுவந்தார். இதுவரை நாற்பது பேருடைய நிழலை நான்தான் அளந்தேன். டொக்டர்மாரின் கண் பன்னிரண்டு பேரில் பிழை விட்டிருந்தது. அதனால் உங்கள் டொக்டர் சொன்னார் என்பதற்காக ஒன்றும் செய்யவேண்டாம்.

தாளில் அச்சடித்த படம் எனக்கு உதவாது. பிலிமிலேயே பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பிரதியில் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். அதை நான் சரிபண்ணுவேன். இரண்டு படமும் வேண்டும். பின்பக்கம் 1, 2 என்று எழுதிவிடுங்கள். உறையில் கதை நிரப்பவேண்டாம் அக்கா. படம் போதும்.

றொபேட்

---

திருகோணமலை
30.1.1962

அன்புள்ள தம்பி,

கதை வேண்டாம் என்றாய். நான் கதைக்காமல் இருந்த நாள் உண்டா? நாலாம் வகுப்பில் நான் வாய்ப்பாடு சொன்னால் உப்புவெளிக்குக் கேட்கும் என்று பகிடி பண்ணியவன் நீதான். ஆகவே பொறுத்துக்கொள்.

ஸல்ஹா ஆஸ்பத்திரிக் கோப்பில் இருந்து இரண்டு படத்தையும் அரை நாளுக்கு இரவலாக எடுத்து வந்தாள். "பின்னேரத்துக்குள்ள திரும்பி வரவேணும், இல்லையெண்டா என்ர தொப்பி போயிடும்" என்று வாசலில் நின்றே நெருக்கினாள். ஸ்டூடியோ கிறிஸ்தோபர் அண்ணரிடம் ஓடினோம். கலியாணப் படம் எடுக்கிற மனிதர், என் விலா எலும்பைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். நீ சொன்னபடி பிலிமில், சின்னதாக்கி எடுத்துத் தந்தார். ஓரத்தில் ஈய எழுத்தும் இலக்கமுமாய் இருந்ததை, "இதென்ன அசிங்கமா கிடக்கு" என்று வெட்டிவிட்டார். பாஸ்போட் படம்போல இப்போது வடிவாக இருக்கிறது. கோப்பில் இருந்த ஒழுங்கைக் குலைக்காமல், மேலே இருந்ததற்கு 1 என்றும் கீழே இருந்ததற்கு 2 என்றும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

உன் பதில் 17க்கு முன்னம் வரவேண்டும். பிந்தினால் தந்தி அடி. இரண்டு கிழமையாக நித்திரை சரியில்லை. ஒப்பரேஷன் வேண்டாம் என்று நீ எழுதினால் கோயிலில் நூறு மெழுகுதிரி வைப்பதாக நேர்ந்திருக்கிறேன். இதைச் சொல்லியிருக்கக் கூடாது. உன் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

உன் அக்கா,
மரியமலர்

---

லீட்ஸ்
8.2.1962

அன்புள்ள அக்கா,

தந்தி இதற்குள் கிடைத்திருக்கும். விபரம் இது. இரண்டு படத்தையும் மூன்று தரம் அளந்தேன். பிரதி என்பதால் கறுப்பு வெள்ளையை மாற்றிக் கணக்கிட்டேன், அதில் பிழையில்லை. விலா எலும்புகளின் இடைவெளியை அளவுகோலாக வைத்தேன். முதலாம் படத்தில் நிழல் நூறு பங்கு என்றால் இரண்டாம் படத்தில் எழுபத்தெட்டு. ஐந்து மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. ஓரங்களும் மெலிந்திருக்கின்றன.

நட்சத்திரமாகப் போகிற முகில் நடுவில் இறுகும். உங்களுடையது கலைகிறது. மருந்து வேலை செய்கிறது. கத்தி தேவையில்லை. கட்டிலை வேண்டாம் என்று சொல்லுங்கள். டொக்டர் ஏதாவது சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவர் கண்ணால் பார்க்கிறார், நான் அளக்கிறேன். இதில் தர்க்கத்துக்கு இடமில்லை.

குளிசையை விடாமல் போடுங்கள்.

றொபேட்

---

திருகோணமலை
22.2.1962

என் தங்கத் தம்பி,

தந்தியை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன். மறுநாளே கட்டிலை வேண்டாமென்று சொன்னேன். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "எனக்குப் பெருத்த மாதிரித்தானே பிள்ளை தெரியுது" என்றார். "என்ர தம்பி மெஷினில அளந்தவன், சேர்" என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு என் பெயரை வெட்டினார். கட்டில் கிண்ணியாவில் இருந்து வந்த ஆமினா உம்மாவுக்குப் போயிற்று. ஐந்து பிள்ளைகளின் தாய். அவவுக்காவது உதவட்டும்.

அம்மாவுக்கு இப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், பயப்பட ஒன்றுமில்லைத்தானே. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "நட்சத்திரம் பார்க்கிற மெஷினால என்ர மகன் அக்காவைக் காப்பாத்திப்போட்டான்" என்று ஒருவரையும் விடவில்லை. பங்குச் சுவாமியையும் பிடித்து வைத்துச் சொன்னா. நூறு மெழுகுதிரியும் வைத்தாயிற்று.

ஒன்று மட்டும். மூன்று நாளாக விடியப்புறம் இருமல் கூட. நேற்று வாயைப் பொத்திய லேஞ்சியில் ஒரு பொட்டு இரத்தம். அம்மாவுக்குத் தெரியாமல் தோய்த்துப் போட்டேன். கலைகிற நேரத்தில் இப்படி வருமா? உன் கணக்கு இருக்கும்போது நான் இதை யோசிக்கத் தேவையில்லைத்தானே?

ஸல்ஹா கேட்டுக்கொண்டதால் இன்று ஒரு புதுப்படமும் எடுத்தார்கள். அவள் அதைக் கோப்பின் மேலே வைத்தாள். "புதுசு எப்பவும் மேலதான். டொக்டர்மாருக்குப் பழசைத் தேட நேரமெங்க?" என்கிறாள். உனக்கு இதற்கும் பிரதி வேண்டுமா?

உன் அக்கா,
மரியமலர்

---

லீட்ஸ்
3.3.1962

அக்கா,

இன்று காலை தந்தி அடித்தேன்: "அளவு பிழை. உடனே ஒப்பரேஷனுக்குச் சம்மதிக்கவும்." தந்தி வராவிட்டால் இந்தக் கடிதத்தைக் கண்டவுடன் டொக்டரிடம் போங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

எண்கள் சரி. ஒழுங்கு பிழை. எங்கள் ஆய்வுகூடத்தில் பழைய தகடுதான் எப்போதும் 1. புதியது 2. அதற்கு மாறாக எவரும் எழுதியதை நான் கண்டதில்லை, அதனால் கேட்கவும் இல்லை. உங்கள் கோப்பில் புதியது மேலே இருந்திருக்கிறது. நீங்கள் அதற்கு 1 போட்டிருக்கிறீர்கள். நிழல் நூறிலிருந்து எழுபத்தெட்டாகக் குறையவில்லை. எழுபத்தெட்டிலிருந்து நூறாகக் கூடியிருக்கிறது. டொக்டர் கண்ணால் பார்த்ததுதான் சரி.

உங்களில் பிழையில்லை. மேலே இருந்ததற்கு 1 என்று நீங்கள் எழுதியே இருக்கிறீர்கள். திகதியிருந்த ஓரத்தை வெட்டியதையும் எழுதியிருக்கிறீர்கள். நான் உறையைப் பிரித்துப் படத்தை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போனேன். கடிதத்தை பஸ்ஸில், இறங்குகிற இடம் பார்த்துக்கொண்டே புரட்டினேன். நேற்று உங்கள் புதுக் கடிதத்தில் "புதுசு எப்பவும் மேலதான்" என்று கண்டபோதுதான் பழையதை எடுத்து முழுவதும் வாசித்தேன்.

கறுப்பு வெள்ளை மாறும் என்று அவ்வளவு கவனமாக இருந்தேன்.

உடனே போங்கள் அக்கா. இரத்தம் வந்ததையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

றொபேட்

---

லீட்ஸ்
24.3.1962

அன்புள்ள அக்கா,

மூன்று கிழமையாகிறது. உங்களிடமிருந்தும் ஒன்றுமில்லை, அம்மாவிடமிருந்தும் ஒன்றுமில்லை. தபால்காரன் காலையில் ஒரு தரமும் பின்னேரம் ஒரு தரமும் வருவான். இரண்டு தரமும் படியில் நிற்கிறேன். வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறா.

பேராசிரியரிடமும் அந்த நெஞ்சு டொக்டரிடமும் நடந்ததைச் சொன்னேன். நாற்பது பேருடைய படங்களையும் திரும்ப எடுத்தோம். எல்லாவற்றிலும் திகதி இருந்தது, ஒழுங்கும் சரியாக இருந்தது. அது என் கெட்டித்தனமில்லை. அவருடைய நேர்ஸ் ஒருத்தி அடுக்கித் தந்தது. "உன் அக்காவுக்கு இருமல் எப்படி, நிறை குறைந்ததா, காய்ச்சல் உண்டா?" என்று டொக்டர் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "படம் மட்டும் வைத்துக்கொண்டா வைத்தியம் சொன்னாய்?" என்றார். அன்றிலிருந்து மெஷினைத் தொடவில்லை.

கட்டில் கிடைத்ததா? எப்போது? இருமல் எப்படி? சாப்பிடுகிறீர்களா? படி ஏற ஏலுமா? அக்கா, எப்படி இருக்கிறீர்கள்?

கதை எழுதுங்கள். எவ்வளவு நீளமானாலும் எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
றொபேட்

---

கொழும்பு
பெரிய வியாழன், 19.4.1962

றொபேட்,

உன் தந்தி மார்ச் ஐந்தாம் திகதி கிடைத்தது. இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் போடாதது தபாலின் பிழையில்லை. எழுத இருந்தால் உனக்கு ஏச்சுப்பேச்சுத்தான் வந்தது. மூன்று தாள் கிழித்தேன். அம்மாவையும் எழுதவேண்டாம் என்று நான்தான் மறித்தேன்.

மார்ச் 29இல் வெட்டினார்கள். கால்வாசி என்றுதான் இருந்தது. திறந்தபோது நிழல் கீழேயும் இறங்கியிருந்ததாம். பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். "ஒரு மாசம் முந்தி வந்திருந்தால்" என்று டொக்டர் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆமினா உம்மா இதே ஆஸ்பத்திரி வாட்டில்தான். எழும்பி நடக்கிறா. வருகிற கிழமை கிண்ணியாவுக்குப் போகிறா. "நீ விட்ட கட்டில்லதான் மகள் நான் எழும்பினன், என்ர துஆ உனக்குத்தான்" என்று ஒவ்வொரு நாளும் என் காலைப் பிடித்துவிடுகிறா. அவவைக் கண்டால் சந்தோஷமாகவும் இருக்கிறது, மறுபக்கம் திரும்பிப் படுக்கவும் தோன்றுகிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். பொய் மாதிரி இருந்தது. வெட்டிவிட்டேன். மேலே மை தடவிக் கிடப்பது அதுதான். அதற்கு எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். பழியை முழுக்க உன்னில் போடவும் மாட்டேன். "பெருத்த மாதிரித் தெரியுது" என்று டொக்டர் சொன்னது என் காதில் விழுந்ததுதானே. நான் கத்திக்குப் பயந்துபோய் நின்றேன். பிடித்துக்கொள்ள நீ ஒரு எண்ணைத் தந்தாய்.

அம்மா இன்னும் கோயில் வாசலில் உன் மெஷினைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறா. பிறகு வந்த வருத்தத்துக்குத்தான் வெட்டினார்கள் என்று நினைத்திருக்கிறா. நான் திருத்தவில்லை, திருத்தவும் மாட்டேன். அதை நீ எழுது. நீயே எழுது.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். காயம் இழுக்கிறது. சோறு இறங்குகிறது. இருமல் இல்லை. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண ஏலுமென்று நேர்ஸ் எங்களை எண்ணச் சொல்கிறா. முந்தி நான் ஒரு மூச்சில் ஏழாம் வாய்ப்பாட்டை முடிப்பேன். இப்போது,

ஏப்ரல் 8: ஏழு
ஏப்ரல் 12: ஒன்பது
ஏப்ரல் 15: ஒன்பது
ஏப்ரல் 19: பதினொன்று

எல்லாவற்றுக்கும் திகதி போட்டிருக்கிறேன். பழையது மேலே, புதியது கீழே. நாளைக்கு எத்தனை என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

அக்கா