விலாவுக்குக் கீழே ஒரு கோடு

மார்ச் 3

தையல் பிரித்து மாதக்கணக்காகிறது. இடது விலாவுக்குக் கீழே இன்னும் எரிகிறது. தொட்டால் மரத்துப்போயிருக்கிறது, தொடாவிட்டால் எரிகிறது. இதை டாக்டரிடம் சொன்னால் எழுதிக்கொள்ளக்கூட மாட்டார். பனியனைக் கழற்றி, பட்டறை வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். நூற்று எண்பத்து நாலு மில்லிமீட்டர். சின்னக் கீறல்தான் என்று சொல்லித்தான் படுக்க வைத்தார்கள். என் பட்டறையில் இந்த அளவைச் சின்னது என்று யாராவது சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவேன்.

மார்ச் 5

மனைவியின் அக்கா வந்தார். உட்கார்ந்ததும், "தம்பி எப்படி இருக்கார்?" என்றார். கிட்னி போனது என்னிடமிருந்து. ஆனால் விசாரிப்பு எல்லாம் அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றித்தான். நன்றாக இருக்கிறான் என்றேன். நன்றாகத்தான் இருக்கிறான். கன்னத்தில் சதை போட்டிருக்கிறதாம்.

மார்ச் 9

இதை எங்காவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

தம்பியும் நானும் ஒரே லேத் பட்டறை நடத்துகிறோம். வாசல் பக்க மெஷின் என்னுடையது, உள்பக்க மெஷின் அவனுடையது. பல வருஷமாகப் பேச்சு கிடையாது. நான் ஊரில் இல்லாத நேரத்தில் அப்பா வாங்கிய டிரில்லிங் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்களுக்கு நடுவில் ரேடியோ. ரேடியோ எங்கள் வேலையாள், அவருக்கும் தலை நரைத்துவிட்டது. நான் சொல்வதை அவனிடமும் அவன் சொல்வதை என்னிடமும் ஒலிபரப்புவார். நாங்கள் மூவரும் பத்தடிக்குள்தான் நிற்போம்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நாலு பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். தம்பியோடு எப்படிப் பழகுவீர்கள் என்று ஒரு அம்மா கேட்டார். பேசுவதில்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பேசாதவருக்கு எதுக்குக் கிட்னி குடுக்கறீங்க?"

"பேச்சுக்கும் கிட்னிக்கும் என்னம்மா சம்பந்தம்? அவன் என் தம்பி."

அதற்குப் பிறகு வேறு வேறு ஆட்கள் வந்து, யாராவது மிரட்டினார்களா என்று தனியாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மார்ச் 14

தம்பி இன்று பட்டறைக்கு வந்தான். முகத்தில் மாஸ்க். "வந்துட்டாராம்" என்று ரேடியோ என்னிடம் சொன்னார். எனக்குக் கண் தெரியும் என்றேன். அதையும் அந்தப் பக்கம் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் வரை பார்த்தேன். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை. ரேடியோ மூலமாகக் கேட்டால்கூடப் போதும் — இல்லை, போதாது. நேரில் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

கிட்னியையும் நான் கொடுத்து, பேச்சையும் நானே ஆரம்பிக்கணுமா? முடியாது.

மார்ச் 15

எரிச்சல்.

மார்ச் 21

மெஷினின் விளிம்பு சரியாகத் தையல் போட்ட இடத்தில் வந்து முட்டுகிறது. வலது பக்கம் திரும்பி நின்று கடைகிறேன். ரேடியோ கவனித்துவிட்டார். "என்னண்ணே, நண்டு மாதிரி நிக்கறீங்க?" என்றார். வேலையைப் பார் என்றேன்.

அவரிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் உள்பக்கம் போய்விடும். அண்ணன் கொடுத்துவிட்டு வருத்தப்படுகிறான் என்று தம்பி நினைப்பான். அது மட்டும் நடக்கக் கூடாது. கொடுத்ததற்கு அப்புறம் வலிக்கிறது என்று சொல்வது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது மாதிரி.

அவனாகக் கேட்டால் அது வேறு.

மார்ச் 26

சட்டை மாட்டும்போது பல்லைக் கடிப்பதை மனைவி பார்த்துவிட்டாள். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வெட்டின இடத்தில் ஒரு நரம்பு தழும்போடு சேர்ந்து மாட்டிக்கொண்டிருக்கும் என்றார். சரியாக இன்னும் பல மாதம் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். மரக்க ஓர் ஊசி போட்டார். கனமாக எதையும் தூக்கக் கூடாது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார்.

"அவர் தம்பிக்குத் தெரிஞ்சிடுமாம்" என்றாள் மனைவி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். அதுவும் கிட்னிதான்.

பஸ்ஸில், "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் வளந்தீங்களா, இல்ல ஆளுக்கொரு சுவத்தைப் பாத்துக்கிட்டு வளந்தீங்களா?" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊசி போட்ட இடம் மரத்திருந்ததால் மனசு கொஞ்சம் நன்றாக இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்வானேன்.

மார்ச் 28

மரப்பு போய்விட்டது. எரிச்சல் வந்துவிட்டது.

ஏப்ரல் 2

ரேடியோ பல் பிடுங்கப் போய்விட்டார். பட்டறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். காலையிலிருந்து ஒரு சத்தம் இல்லை.

மத்தியானம் பம்ப் செட்காரர் ஒரு பெரிய வட்டத் தகட்டைக் கொண்டுவந்தார். உடனே வேண்டும் என்று டிரைவரோடு வாசலிலேயே நின்றார். அதைக் கவ்விப் பிடிக்க என் மெஷினில் பெரிய ‘சக்’ என்கிற இரும்புப் பிடியை மாட்ட வேண்டும். நல்ல கனம், இரண்டு ஆள் வேலை. எனக்குத் தூக்கத் தடை. அவனுக்கும் தடை. ரேடியோ வரட்டும் என்று நின்றேன். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அவன் வந்து தனியாகக் குனிந்து அந்த இரும்புப் பிடியைத் தூக்கிவிட்டான். தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டான். வலது அடிவயிறு. எங்கே வைத்துத் தைத்தார்கள் என்று எனக்குத் தெரியும், டாக்டர் எங்கள் இருவருக்கும் தாளில் வரைந்து காட்டினார். அதே இடத்தில் இரும்பு.

வாய் முந்திக்கொண்டது.

"டேய், கீழ வைடா. அறிவிருக்கா உனக்கு? உள்ள இருக்கறது என்னோடது."

கீழே வைத்தான். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினான்.

"குடுத்தப்பறம் என்ன உங்களோடது? நீங்க தூக்கக் கூடாதுன்னுதான் நான் தூக்கினேன். வந்ததுலேருந்து பாக்கறேன், கோணலா நிக்கறீங்க."

"பாத்தல்ல? அப்புறம் ஏன் கேக்கல?"

கையில் ஒட்டிய எண்ணெயைச் சட்டையில் துடைத்தான்.

"வலிக்குதான்னு எப்படிண்ணே கேக்கறது? ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? திருப்பியா குடுக்க முடியும்?"

மோட்டார் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன்.

"வலிக்குது" என்றேன். "அதுக்காக ஒன்னும் திருப்பித் தர வேணாம்."

இரும்புப் பிடியைப் பம்ப் செட்காரரும் டிரைவரும் சேர்ந்து மாட்டிக் கொடுத்தார்கள். இனி இந்தப் பக்கம் வருவாரா தெரியவில்லை.

ஏப்ரல் 3

முதலில் பேசியது நான்தான். யோசித்துப் பார்த்தேன். திட்டியதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மனைவியிடம் விளக்கினேன். "சரி, எடுத்துக்கல" என்றாள். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

ஏப்ரல் 6

ரேடியோ வீங்கின கன்னத்தோடு வேலைக்கு வந்தார். தம்பி என்னிடம் ஸ்பேனர் கேட்டான், கொடுத்தேன். ரேடியோ இரண்டு மெஷினுக்கும் நடுவில் அப்படியே நின்றார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா" என்றார். பல் வலியில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 19

இன்று பட்டறையில் பெரிய சண்டை.

அவன் பாட்டிலில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. நிறைய குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மறந்துவிட்டாயா என்று கேட்டேன். காலையிலிருந்து அவன் எவ்வளவு குடித்தான் என்று நான் பார்த்தேனா என்று அவன் கேட்டான். உங்களுக்கும் இருப்பது ஒன்றுதான், முதலில் நீங்கள் குடியுங்கள் என்றான். அண்ணனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாயா என்றேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ரேடியோ காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். காலையில் ஆரம்பித்தது, சாப்பாட்டுக்கு நிறுத்தினோம், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். அவன் சொன்னதில் ஒன்றுகூடச் சரியில்லை. நாளைக்குச் சொல்ல எனக்கு இன்னும் இருக்கிறது.

பட்டறையைப் பூட்டும்போதுதான் விலாவில் கை போனது. எரிச்சல் இருந்தது. காலையிலிருந்தே இருந்திருக்கும், எனக்குத்தான் ஞாபகம் இல்லை.