பம்புக்குச் சிவப்பு அடித்தோம்

என் அன்புக்குரிய ஞானப்பிரகாசம்,

உயிரோடு இருந்தவரை உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டால் அந்த அதிர்ச்சியிலாவது திரும்பிப் பார்ப்பீர்களோ என்று ஒரு நப்பாசை.

நம் மகள் ரோஸி இரண்டாவது முறையும் நெதர்லாந்து போய்ப் படித்துவிட்டு வந்துவிட்டாள். பட்டப்படிப்பு இல்லை. வேலையில் இருக்கும் இன்ஜினியர்கள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் படிக்கும் சில வாரப் பயிற்சி. முதல் தடவை நிலத்தடி நீர், இந்தத் தடவை குடிநீர்ச் சுத்திகரிப்பு. "அங்க ஒவ்வொரு வாய்க்காலுக்கும் யார் பொறுப்புன்னு ஊருக்கே தெரியும்மா. எங்க வாத்தியார், உன் வீட்டுப் பக்கத்து வாய்க்காலுக்கு யார் பொறுப்புன்னு கேட்டார். முழிச்சேன்" என்றாள். நான் படித்த கான்வென்ட்டில் பதில் தெரியாதவள் எழுந்து நிற்க வேண்டும். நம் பக்கிங்காம் கால்வாய்க்காக இன்னும் யார் யார் எழுந்து நிற்க வேண்டுமோ!

அந்த வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டருகே உள்ள தண்ணீரைப் பரிசோதித்து, முடிவைக் கொண்டுவர வேண்டுமாம். ரோஸி கொண்டுபோனது நம் வாசல் அடிபம்புத் தண்ணீரின் முடிவு.

திருவொற்றியூருக்குக் குடிவந்த புதிதில் நீங்கள் போர் போட்டு, காம்பவுண்டுக்கு வெளியே தெருவைப் பார்க்க வைத்த பம்பு. "கேட்டைப் பூட்டு பிலோ, பம்பை மட்டும் பூட்டாதே" என்றீர்கள். சந்து முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் உலை வைத்தது. இந்தப் பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் அபூர்வம் அல்லவா? அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அந்தத் தண்ணீரில் ஈயம் இருக்கிறதாம். நிறம் மாறவில்லை, வாடை இல்லை, ருசி கெடவில்லை. ஆனாலும் இருக்கிறதாம். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளையை அது தொடும் என்றாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எதைன்னு சொல்றதும்மா? மணலியிலிருந்து எண்ணூர் வரைக்கும் சுத்திச் சுத்தி ஃபாக்டரி. மண்ணுக்குள்ள அது வந்த வழியைக் கண்டுபிடிக்கவே பெரிய ஆராய்ச்சி வேணும்." நீங்களும் அதைத்தான் குடித்தீர்கள். அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

வாத்தியார் உடனே சொல்லிவிட்டாராம், முதலில் அந்தப் பம்பை மூடுங்கள் என்று. பக்கத்தில் இருந்த வங்காளதேசத்துப் பெண், "மூடிட்டு?" என்று மட்டும் கேட்டாளாம். அந்தப் பெண்தான் ரோஸிக்கு ஒரு யோசனை சொன்னாள். அவர்கள் ஊரில் கெட்ட பம்புக்குச் சிவப்பு அடிப்பார்கள், நல்ல பம்புக்குப் பச்சை. பார்த்தாலே தெரிந்துவிடும்.

நாங்களும் அடித்தோம். ஓரத்தில் வழிந்த பெயின்ட்டை நானே துடைத்தேன். ஒரு காரியம் செய்தால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

எதிர்வீட்டு சரோஜா குடத்தோடு வந்து நின்றாள். "இன்னா ஆன்ட்டி, கம்யூனிஸ்ட்ல சேந்துட்டியா?"

விளக்கினேன். ஈயம், மூளை, பிள்ளைகள், எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே குடத்தை நிரப்பினாள். "கொதிக்க வெச்சா எல்லாம் செத்துப்பூடும் ஆன்ட்டி."

"அது பூச்சி இல்லை சரோஜா, உலோகம். சாகாது."

"இத்தினி வருசமா குடிச்சிக்கினு கீறோம். நாங்க இன்னா செத்தா பூட்டோம்? உன் பொண்ணு ஃபாரின் பூட்டு வந்ததும் தண்ணிக்கு வியாதி வந்துடுச்சா?"

அடுத்த வாரம் ஆயுத பூஜை. பளபளவென்று இருந்ததால் ஆட்டோக்களோடு சேர்த்துப் பம்புக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டுவிட்டார்கள். "தெருவுக்கே தண்ணி குடுக்குது, அதுக்கு ஒரு மாலை போடக்கூடாதா?" என்றாள் சரோஜா. ரோஸி வாசலில் நின்று சிரித்தாள். பிறகு உள்ளே போய் அழுதாள். இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்ய முடியும் என்னால்?

சரோஜாவின் மருமகள் தீபா முழுகாமல் இருக்கிறாள். எங்கள் சமையலறையில் ரோஸி மாட்டிய ஃபில்டர், மோட்டார் தண்ணீரிலிருந்து ஈயத்தையும் வடித்துவிடும். அதில் பிடித்த தண்ணீரை அவளுக்குத் தினமும் கொடுத்து அனுப்பினேன். குடித்ததும் வாந்தி எடுத்துவிடுகிறாள். சீரகம் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன். சுக்குத் தட்டிப் போட்டேன். "பம்பு தண்ணிதான் ஆன்ட்டி எறங்குது. மத்தது வாய்ல வெச்சாலே கொமட்டுது" என்கிறாள் பாவம். என் மனம் நோகக் கூடாதென்று என் எதிரில் ஒரு மடக்கு குடிக்கிறாள். பிறகு கேட்டைத் தாண்டிப் போய்ப் பம்பை அடித்து, கையில் ஏந்திக் குடிக்கிறாள். ஜன்னலில் நான் நிற்பது அவளுக்குத் தெரியும். அவள் குடிக்கும்போது முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது. அதைப் பார்க்க முடியவில்லை.

மூடினால் மட்டும் என்ன? தண்ணீர் லாரி வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. கேன் வாங்குகிற வீடுகளா இவை? மாநகராட்சியில் மனு கொடுத்தோம். வந்து பார்த்தார்கள், போனார்கள். தண்ணீரிலிருந்து ஈயத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறையைப் படிக்க ரோஸி மூன்றாம் முறை புறப்பட்டுவிட்டாள். அவள் கற்றுக்கொண்டு திரும்பலாம். தீபாவின் வயிற்றில் இருப்பது அதுவரை வளராமல் காத்திருக்குமா?

அதனால்தான் இந்தக் கடிதம். நாளைக் காலை மெக்கானிக் வருகிறான். பம்பின் கைப்பிடியைக் கழற்றப் போகிறோம். உங்கள் பேச்சை மீறுகிறேன். சந்து என்னைத் திட்டும். சரோஜா மண்ணை வாரித் தூற்றினாலும் ஆச்சரியமில்லை. நான் செய்வது காப்பாற்றுவதா, தாகத்தில் தவிக்க விடுவதா? தெரியவில்லை. சரியான விடை ஒன்று இருக்கும் என்றுதான் கான்வென்ட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஃபில்டரிலிருந்து ஒரு குழாயை வாசல்வரை இழுக்கச் சொல்லியிருக்கிறேன். நூல் மாதிரிதான் வரும். முதல் குடம் தீபாவுக்கு. குமட்டினாலும், பிள்ளை பிறக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து மடக்கு மடக்காகக் குடிக்க வைப்பேன். அண்ணா நகரில் இருக்கும் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லி ரோஸி போனில் கூப்பிடுகிறாள். போக மாட்டேன். இது சத்தியம்.

கோபம் இருந்தால் கனவில் வந்து திட்டுங்கள். அப்படியாவது வாருங்கள்.

இதுவரை உங்கள் சொல்லைத் தட்டாத மனைவி,
பிலோமினா